புதிய காக்ளியர் கருவியுடன் கேட்கப் பழகுதல்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மக்களுக்கான விளக்கம்

காக்ளியர் இம்பிளாண்ட் எனப்படும் செவிக் கருவியை அண்மையில் பொருத்திக்கொண்டவர்களுக்கும், அத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கும், உடனிருந்து பராமரிப்போருக்கும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. அறுவை சிகிச்சை எந்த ஊரில் நடைபெற்றிருந்தாலும், கேட்கப் பழகுதல் வீட்டில்தான் நடைபெறுகிறது. ஆகவே, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் அன்றாடம் காதில் விழும் ஒலிகளையும் இங்குள்ள வாழ்க்கை முறையையும் கருத்தில் கொண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன.

கருவி முதன்முதலாக இயக்கப்படும் நாள், ஒலி வரத் தொடங்கும் நாளே அன்றி, பேச்சு புரியத் தொடங்கும் நாள் அன்று. கருவி இயங்கியவுடன் குழந்தை தாயைப் பார்த்துச் சிரிக்கும் காணொளிகளைக் கைபேசியில் நீங்கள் கண்டிருக்கலாம். அவை உண்மையானவையே. எனினும், அதே நொடியில் அழுகின்ற குழந்தைகளும், எந்த மாற்றமும் காட்டாமல் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் பலர் உள்ளனர். இம்மூன்றும் இயல்பானவை. முதல் நாளை வைத்து அறுவை சிகிச்சையின் வெற்றி தோல்வியை முடிவு செய்ய வேண்டாம். அவ்வாறு முடிவு செய்து, "இது சரிவரவில்லை" என்று கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவதுதான், நன்கு பொருத்தப்பட்ட கருவியும் பயனற்றுப் போவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

கருவி தரும் ஒலி ஏன் வேறுபட்டு ஒலிக்கிறது?

உட்செவியில் நத்தை ஓட்டைப் போல் சுருண்டிருக்கும் பகுதிக்குக் காக்ளியா என்று பெயர். அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்பும் பணியை அவை செய்கின்றன. அவை பழுதடைந்திருக்கும்போது, காதுக்கு வெளியே அணியும் சாதாரணச் செவித்துணைக் கருவி ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் போதிய பயன் கிட்டாது. காக்ளியர் கருவி அச்செல்களைத் தவிர்த்துவிட்டு, நரம்பை நேரடியாக மின்துடிப்பால் தூண்டுகிறது. காதின் பின்புறம் அணியும் ஒலிச்செயலி பேச்சை வாங்கிப் பகுத்து, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் வழியாகத் தோலுக்கு அடியிலுள்ள பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து காக்ளியாவினுள் செல்லும் மெல்லிய இழையில், தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்து, 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே உள்ளன.

ஆயிரக்கணக்கான செல்கள் செய்த வேலையை இருபதுக்கும் குறைவான அல்லது சற்றே மிகுதியான மின்முனைகள் செய்யும்போது, மூளைக்குக் கிடைப்பது பழைய ஒலியின் சுருக்கமே. ஏற்கெனவே கேட்டுப் பழகிப் பின்னர் செவித்திறனை இழந்தவர்கள், தொடக்கத்தில் மனிதர் பேச்சு இயந்திரம் பேசுவது போலவோ, கீச்சுக் குரலாகவோ, வெறும் மணியோசையாகவோ கேட்கிறது என்று கூறுவர். அது கருவியின் பழுது அன்று. அச்சுருக்கத்தைப் பொருள் உள்ளதாக விரித்துக்கொள்ள மூளை கற்றுக்கொள்கிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன.

முதல் வாரங்கள்

அறுவை சிகிச்சைக்குப் பின் காயம் ஆற வேண்டும் என்பதால், பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் கழித்தே கருவி இயக்கப்படும். இடைப்பட்ட நாட்களில் காதின் பின்புறம் மரத்துப்போதல், இலேசான தலைசுற்றல், நாவில் சுவை மாறுதல், காதில் இரைச்சல் ஆகியவை சிலருக்கு இருக்கலாம். பெரும்பாலும் தாமாகவே குறையும்.

ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர், ஒவ்வொரு மின்முனைக்கும் ஒலி கேட்கத் தொடங்கும் அளவையும், சிரமமின்றித் தாங்கக்கூடிய உச்ச அளவையும் கண்டறிந்து செயலியில் பதிவு செய்வார். இதற்கு மேப்பிங் என்று பெயர். தொடக்கத்தில் உச்ச அளவு வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்படும். உட்செவியின் திசு கருவிக்கு இணங்கி வருவதாலும் மூளை பழகுவதாலும், முதல் சில மாதங்களில் இவ்வளவுகள் அடிக்கடி மாறும். எனவே, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று எண்ணி மேப்பிங் செல்லும் தேதியைத் தவறவிட வேண்டாம். குழந்தைக்கு எந்த ஒலிக்குத் திரும்பியது, எதற்குக் கண்ணை இறுக மூடியது என்பதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துச் செல்லுங்கள். தன் அனுபவத்தைச் சொல்லத் தெரியாத குழந்தையின் சார்பில் அந்த நோட்டே பேசும்.

தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர, விழித்திருக்கும் நேரம் முழுவதும் கருவியை அணிய வேண்டும். முதல் வாரத்தில் குழந்தை பிடுங்கி எறியலாம். அடுத்த நிமிடமே மல்லுக்கட்டாமல், கவனத்தைத் திருப்பிச் சற்று நேரம் கழித்து மீண்டும் அணிவியுங்கள். ஒரு நாளில் பத்து முறை அணிவிக்க நேர்ந்தாலும் தளர வேண்டாம். பெரியவர்களுக்கு மாலைக்குள் கடும் சோர்வு ஏற்படுவது உண்டு. அப்போது அரை மணி நேரம் அமைதியான அறையில் ஓய்வெடுத்து மீண்டும் அணியலாம். இன்றைய செயலிகள் பல, நாள்தோறும் எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்பதைத் தாமே பதிவு செய்கின்றன. உங்களைக் கண்டிப்பதற்காக அன்று. முன்னேற்றம் குறைவாக இருந்தால் காரணம் கருவியா, அளவா, அணியும் நேரமா என்று வல்லுநர் பிரித்தறிவதற்காக.

வீட்டிலுள்ள பெரியோர், "இவ்வளவு செலவு செய்தும் பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை?" என்று கேட்பது இயல்பு. அவர்களுக்குக் கேட்டல் வயது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று வயதில் கருவி இயக்கப்பட்ட குழந்தைக்கு அன்றுதான் கேட்டல் வயது தொடங்குகிறது. ஓராண்டு கழித்து அக்குழந்தையிடம் நான்கு வயதுப் பேச்சை எதிர்பார்க்கலாகாது. ஒரு வயதுக் குழந்தையைப் போல ஒற்றைச் சொற்கள் வருமாயின் அதுவே நல்ல தொடக்கம். மறுபுறம், காலம் தாழ்த்துவதும் தகாது. ஒலியைக் கற்கும் மூளையின் திறன் முதல் மூன்றரை ஆண்டுகளில் மிகுதியாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

தமிழ் ஒலிகளில் எவற்றிலிருந்து தொடங்குவது?

நாள்தோறும் காலையில் கருவியை அணிவித்தவுடன் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளைச் சொல்லிச் சோதிக்கவும். பேச்சிலுள்ள தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இவ்வாறும் அடங்கும். குழந்தையின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஓரடி தள்ளி இருந்து, இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லவும். ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு சொப்பைக் கூடையில் போடும்படி விளையாட்டாகப் பழக்கலாம். நேற்று வரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை எனில், குழந்தையைக் குறை கூறுவதற்கு முன் பேட்டரி, ஒயர், ஒலிவாங்கி ஆகியவற்றைப் பாருங்கள்.

இக்கருவி ஒலியின் கால அளவையும் தாளத்தையும் நன்றாகக் கொண்டுசேர்க்கும். சுருதி ஏற்ற இறக்கத்தைக் குறைவாகவே கொண்டுசேர்க்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் கொண்டால், வீட்டுப் பயிற்சியை நீங்களே திட்டமிட முடியும். முதலில் நீளம் வேறுபட்ட சொற்களைக் கொடுங்கள்: பூ – வாழைப்பழம், பால் – ஆட்டுக்குட்டி. அடுத்துக் குறில் நெடில் வேறுபாடு: கல் – கால், பல் – பால், படம் – பாடம். அதன்பின் ஒற்று இரட்டிப்பது: எடு – எட்டு, படு – பட்டு. இவை யாவும் கால அளவைச் சார்ந்தவை. ஆதலால் தமிழ்க் குழந்தைக்கு இவை ஓரளவு எளிதாக வசப்படும். வினாவும் அவ்வாறே. சுருதியை மட்டும் உயர்த்திக் கேட்காமல், "வந்தாச்சா?" என்று இறுதியில் ஆகாரம் சேர்த்துக் கேட்பது தமிழின் வழக்கம். அந்த ஆகாரம் கருவி வழியாகத் தெளிவாகச் செல்லும்.

கடினமானவை வேறு. ல, ள, ழ வேறுபாடும், ன, ண வேறுபாடும் நுட்பமானவை. மலை – மழை, பல்லி – பள்ளி, மனம் – மணம் ஆகிய இணைகளை முதலாண்டில் தேர்வாக வைக்க வேண்டாம். தென்மாவட்டப் பேச்சில் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்போர் பலர். வீட்டில் எவரும் வேறுபடுத்தாத ஒலியைக் குழந்தை மட்டும் வேறுபடுத்த வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. அதைவிடக் கவனம் தேவைப்படுவது சொல்லின் இறுதியில்தான். தமிழில் ஆண், பெண், பன்மை, காலம் யாவும் சொல்லின் கடைசியில் வருகின்றன. அன்றாடப் பேச்சிலோ ‘வந்தான்’ என்பதன் இறுதி மெய் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. ‘வந்தாள்’ என்பதன் இறுதி மெய் மறைந்தே போகிறது. செவித்திறன் உள்ளோர் இதை உணர்வதில்லை; கருவி அணிந்த குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆகையால், "அண்ணன் வந்தான்", "அக்கா வந்தாள்" என்று சொல் முடிவைத் தேய்க்காமல் முழுதாகச் சொல்லிக் காட்டுங்கள். கத்த வேண்டியதில்லை. கத்தினால் ஒலி சிதையும்.

பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்குவது நன்று. ஆனால் அன்றாட வேலைகளே பெரிய பயிற்சி. குக்கர் விசில் வந்தால், உங்கள் காதைத் தொட்டுக் காட்டி, "கேட்டுச்சா? குக்கர் சத்தம்!" என்று சொல்லிவிட்டு, அதன்பின் குக்கரைக் காட்டுங்கள். முதலில் ஒலி, பிறகு பொருள் என்னும் வரிசை மாறலாகாது. இரயில் ஊதல், ஆலைச் சங்கு, கோயில் மணி, மயில் அகவுதல், தெருவில் விற்பவர் குரல் என இவ்வட்டாரத்தில் ஒலிகளுக்குக் குறைவில்லை. சைகையால் பேசிப் பழகிய குடும்பம் அதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதில்லை. சொல்லை முதலில் சொல்லி, புரியாதபோது சைகையைச் சேர்த்தால் போதும்.

இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ளன. பள்ளி தமிழில் நடப்பதால் வீட்டு மொழியைக் கைவிட வேண்டுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. தாயும் பாட்டியும் இயல்பாக, மிகுதியாகப் பேசக்கூடிய மொழியே குழந்தைக்கு நல்ல முதல் மொழி. தயங்கித் தயங்கிப் பேசும் மொழியில் சொற்கள் குறைந்துவிடும்; பயிற்சியாளரிடம் உங்கள் வீட்டு மொழியைத் தெரிவித்துவிடுங்கள்.

பெரியவர்கள் கருவி பொருத்திக்கொண்டால்

பேச்சைக் கற்றபின் செவித்திறனை இழந்தவர்களுக்கு முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதன் பின்னரும் தொடரும். காது கேளாமல் நெடுங்காலம் இருந்தவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகும். ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, நீங்கள் அதே வரிகளில் விரலை நகர்த்திப் பின்தொடர்வது எளிய, நல்ல பயிற்சி. பழகியபின், எழுத்தைப் பாராமல் வானொலிச் செய்தியைக் கேட்டுப் பார்க்கலாம். தொலைபேசியை, நன்கு தெரிந்த ஒருவருடன், முன்கூட்டியே பேசிவைத்த பொருளில் தொடங்குங்கள்: இன்று என்ன கிழமை, பேருந்து எத்தனை மணிக்கு என்பன போன்று. மறு காதில் செவித்துணைக் கருவி அணிந்திருந்தால் அதைத் தொடரலாம்; ஆயினும் நாளில் சிறிது நேரம் புதிய கருவியால் மட்டும் கேட்டுப் பயிலுங்கள்.

இசை பின்னரே வரும். திருவிழாவில் தவிலின் தாளம் விரைவில் பிடிபடும். நாதஸ்வரத்தின் இராகம் பலருக்கு நெடுநாள் வரை பிடிபடாது. தாம் முன்பு விரும்பிக் கேட்ட பாடல் வெறும் இரைச்சலாகக் கேட்கும்போது மனம் உடைவது இயற்கை. வரிகள் மனப்பாடமாகத் தெரிந்த, பக்கவாத்தியம் குறைந்த பாடலைத் தேர்ந்தெடுத்து, அதையே பன்முறை கேளுங்கள். கருவி பொருத்திக்கொண்டதே தவறோ என்ற எண்ணம் முதல் மாதங்களில் சிலருக்கு எழும். அது நீடித்தால் வல்லுநரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணிலும் பேசலாம். அழைத்துப் பேச இயலாதவர்களின் சார்பில் குடும்பத்தினர் பேசலாம்.

ஒரு காதில் மட்டும் கருவி அணிந்தவர்க்கு ஒலி வரும் திசை தெரிவது கடினம். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை இவ்விரு ஊர்களின் வழியாகச் செல்கிறது. லாரியின் ஒலி கேட்கிறது என்பதால் அது எப்பக்கமிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். சாலையைக் கடக்கும்போது கண்ணை நம்புங்கள்.

இவ்வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

வியர்வையும் ஈரமும் ஒலிச்செயலியின் பகைவர்கள். இரவில் செயலியைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கவும். தலைக்கு எண்ணெய் தேய்த்தபின் நன்கு துடைத்துவிட்டே கருவியை அணியவும். எண்ணெய் ஒலிவாங்கியின் துளைகளை அடைக்கும். நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டி போன்ற ஊர்களின் விசைத்தறிக் கூடங்களிலும் பறக்கும் பஞ்சுக்கும் இது பொருந்தும். அங்குப் பணிபுரிவோர் ஒலிவாங்கியின் உறையை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும். தறி ஓசையினிடையே பேச்சு புரியாமல் போவது கருவியின் இயல்பான எல்லை. அதை உங்கள் குறையாகக் கருத வேண்டாம்.

குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடிக்கவும் காது குத்தவும் நேர்ந்திருந்தால், காயம் முழுதும் ஆறியபின், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் ஒப்புதலுடன் செய்யுங்கள். கருவி உள்ள இடம் தோலுக்கு மேல் சற்று மேடாக இருக்கும் என்பதை நாவிதரிடம் முன்பே காட்டிவிடவும். முடி மீண்டும் அடர்ந்து வளரும்போது காந்தம் நழுவலாம். மொட்டைக்குப் பின்னோ அதே காந்தம் தோலை அழுத்திச் சிவக்கச் செய்யலாம். இரண்டுக்கும் காந்தத்தின் வலிமையை மாற்றிக்கொள்ள வழி உண்டு.

குற்றாலத்திலோ அய்யனார் கோயில் ஆற்றிலோ குளிப்பதற்கு முன், நீர் புகாத உறை இல்லையெனில் வெளிச் செயலியைக் கழற்றிவிட வேண்டும். அருவி நீர் நேராகத் தலையில் கொட்டும் இடத்தில் நிற்பதைத் தவிர்க்கவும். ஆடிப்பூரத் தேரோட்டத்தின் மேளமும் வேட்டும் கருவியைப் பழுதாக்கா. பதிவு செய்யப்பட்ட உச்ச அளவைத் தாண்டிய ஒலியைச் செயலி தானே கட்டுப்படுத்தும். ஆயினும் புதிதாகக் கேட்கும் குழந்தை மிரளக்கூடும் என்பதால் முதலாண்டில் சற்றுத் தொலைவில் நின்று காட்டுவது நல்லது. மெட்டல் டிடெக்டர் வாயில்களில் கருவியின் அடையாள அட்டையைக் காட்டவும்.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. விவரங்களுக்கு 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சிகிச்சையோடு செலவு முடிவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். ஒயர், காயில், பேட்டரி ஆகியவை தேயும் பொருள்கள். உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது, அதன்பின் எப்பொருளுக்கு எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் பெற்று வைக்கவும். ஒயர் ஒன்றைக் கூடுதலாக வீட்டில் வைத்திருந்தால், அது அறுந்துபோகும் நாளில் குழந்தை வாரக்கணக்கில் ஒலியின்றி இருக்க நேராது.

மேப்பிங்கிற்கு மதுரை செல்வோர்க்கு ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். களைத்துப்போன குழந்தையிடம் அளவுகளைச் சரியாகக் கண்டறிய இயலாது. குழந்தை தூங்கி எழுந்து சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். பள்ளி செல்லும் குழந்தைகளுக்கு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் உதவுவர். வகுப்பில் முன் வரிசையில், கருவி உள்ள காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறும், சன்னலோர இரைச்சலுக்கு அப்பாலும் இடம் கேட்கவும்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

காதின் பின்புறம் சிவத்தல், வீக்கம், சீழ். முகத்தின் ஒரு பக்கம் தளர்தல். தலையில் பலத்த அடி. நன்கு கேட்டுக்கொண்டிருந்தவர்க்குத் திடீரென ஒலி நின்றுபோதல் ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுடன் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி சேர்ந்து வந்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். கருவி பொருத்தியவர்களுக்கு இந்நோயின் வாய்ப்பு சற்று மிகுதி. இதற்கெனவே நிமோகாக்கல் தடுப்பூசி அறிவுறுத்தப்படுகிறது. அது போடப்பட்டுள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ளவும். குழந்தை பொத்தான் பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரையவும்.

வேறு எந்த நோய்க்காக எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மின்கருவி கொண்டு செய்யும் அறுவை சிகிச்சை, டயாதெர்மி எனப்படும் வெப்பச் சிகிச்சை ஆகியவற்றுக்கு முன் உட்பொருத்திய கருவி உள்ளதைத் தெரிவிக்க வேண்டும். கருவியின் பெயரும் மாதிரி எண்ணும் உள்ள அடையாள அட்டையின் படத்தைக் குடும்பத்தினர் அனைவருடைய கைபேசியிலும் சேமித்து வைக்கவும்.